உயர நினைப்பதே அழிவுக்கு வழியா? மேக்பெத் முதலிய துன்பியல் நாடகங்கள் காட்டுவது என்ன?

குடிமைப் பணித் தேர்வுக்காகத் தில்லி ராஜேந்திர நகரில் தங்கிப் படிப்பதாகக் குறிப்பிட்டு, “‘உள்ளுவதெல்லாம் உயர்வுள்ளல்’ என்று படித்து வளர்ந்த நமக்கு, மேலே வர ஆசைப்பட்டவன் அழிவான் என்று காட்டும் மேக்பெத் போன்ற நாடகங்கள் அச்சமூட்டவில்லையா? வள்ளுவர் சரியா, ஷேக்ஸ்பியர் சரியா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பது என் விடை. நீங்கள் எடுத்துக்காட்டிய குறள் ஊக்கமுடைமை அதிகாரத்தில் வருகிறது. நினைத்த உயர்வு கைகூடாமல் போனாலும் அது கைகூடியதற்கு ஒப்பானது என்று முடிகிறது. அதனோடு வினைத்தூய்மை அதிகாரத்தின் இந்தக் குறளையும் சேர்த்துப் படியுங்கள்: “கடிந்த கடிந்தொரார் செய்தார்க்கு அவைதாம் முடிந்தாலும் பீழை தரும்.” ஆகாதென்று விலக்கப்பட்டவற்றை விலக்காமல் செய்தவர்களுக்கு, எடுத்த காரியம் நினைத்தபடியே முடிந்தாலும் துன்பம் வரும். முதல் குறளில் தோல்வியும் தோல்வியாவதில்லை. இரண்டாவதில் வெற்றியும் வெற்றியாவதில்லை. துன்பியல் நாடகங்கள் நடப்பது இந்த இரண்டாம் குறளின் நிலத்தில்தான்.

மேக்பெத் நாடகத்தின் கட்டமைப்பே இதற்குச் சான்று. 1606ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டு 1623இல் அச்சேறிய அந்நாடகத்தில் ஐந்து அங்கங்கள் உள்ளன. இரண்டாம் அங்கம் முடிவதற்குள் ஸ்காட்லாந்து அரசன் டங்கனை அவனுடைய தளபதி மேக்பெத் கொன்றுவிடுகிறான். மேக்பெத் முடிசூட்டிக்கொள்ள ஸ்கோனுக்குப் புறப்பட்டுவிட்ட செய்தியும் வந்துவிடுகிறது. ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் மூன்று அங்கங்கள் மிச்சம் இருக்கின்றன. அந்த மூன்றிலும் அவன் கொல்வதெல்லாம் கிடைத்ததைக் காத்துக்கொள்வதற்காக மட்டுமே. அரசனாக இருப்பதில் ஒன்றுமில்லை, அச்சமில்லாத அரசனாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் தனக்குள் சொல்லிக்கொள்பவன், முதலில் நண்பன் பாங்கோவையும், பின்னர் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்ட பிரபு மக்டஃபின் மனைவி மக்களையும் கொல்ல ஆளனுப்புகிறான். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அவனுடைய அரியணைக்கு எவ்வகையிலும் இடையூறாக இருந்தவர்கள் அல்லர். ஆசைக்காகச் செய்த கொலை ஒன்றுதான். மற்றவை அனைத்தும் அச்சத்துக்காகச் செய்தவை.

வரலாற்றில் வாழ்ந்த மேக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டான். டங்கன் போரில் இறந்தவன். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில்கூட, மேக்பெத் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்ததாக வருகிறது. ஷேக்ஸ்பியர் அந்த நல்ல ஆண்டுகளை முற்றிலும் நீக்கிவிட்டார். கொலைக்கும் அச்சத்துக்கும் இடையே ஒரு நாள் நிம்மதியைக்கூட அவர் மேக்பெத்துக்குக் கொடுக்கவில்லை. இந்த நாடகத்தின் பொருளைத் தீர்மானித்தது இந்த நீக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் நாடகத்தின் உயிர் இருப்பது முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில். கொலைக்கு முந்தைய அந்த இரவில், விருந்து நடக்கும்போதே எழுந்து வந்து தனியே நிற்கும் மேக்பெத், டங்கனை ஏன் கொல்லக் கூடாது என்பதற்கான காரணங்களைத் தானே எடுத்துச் சொல்கிறான். நான் அவனுக்கு உறவினன், அவனுடைய குடிமகன், இன்று அவனுக்கு விருந்தளிப்பவன். கொல்ல வருபவனை வாசலில் தடுக்க வேண்டிய நானே கத்தியை ஏந்தலாமா என்று கேட்டுக்கொள்கிறான். டங்கன் நல்லவன் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். தன்னைத் தூண்டுவது எல்லை மீறிப் பாயும் தன் வேட்கை ஒன்றுதான் என்றும், அப்படிப் பாய்வது மறுபுறத்தில் போய் விழும் என்றும் அவன் வாயாலேயே சொல்கிறான். மனைவியிடம் இதற்கு மேல் போக வேண்டாம் என்கிறான். அதே காட்சி முடிவதற்குள் சம்மதித்தும் விடுகிறான். எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவன் அதைச் செய்கிறான் என்பதுதான் இங்குள்ள கொடுமை. அந்த அறிவு கொலைக்குப் பிறகும் அவனை விட்டுப் போவதில்லை. உறக்கத்தைப் பறிக்கிறது, விருந்தில் பாங்கோவின் ஆவியாக வந்து அமர்கிறது.

தில்லி தேசிய நாடகப் பள்ளியின் ரெபர்டரி குழுவுக்காக, மேக்பெத்தின் ரகுவீர் சகாய் செய்த இந்தி மொழிபெயர்ப்பை பி.வி. காரந்த் 1979இல் கர்நாடகக் கூத்து வடிவமான யட்சகானப் பாணியில் ‘பர்னம் வன்’ என்ற பெயரில் இயக்கினார். அது பிற்பாடு மீண்டும் மேடையேறியபோது மண்டி ஹவுஸில் என் மனைவியுடன் பார்த்தேன். கொலை செய்துவிட்டு, இனித் தனக்கு உறக்கமில்லை என்று மேக்பெத் புலம்பிய இடத்தில் அவள் என் பக்கம் சாய்ந்து “ஐயோ பாவம்” என்றாள். உறங்கும் கிழவரைக் கொன்றவன் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. முழு நல்லவனும் முழுத் தீயவனும் துன்பியல் நாயகனாக முடியாது என்று அரிஸ்டாட்டில் எழுதியதன் காரணத்தை அந்த ஒரு சொல்லில் புரிந்துகொண்டேன்.

நம் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் (1891) வரும் அமைச்சன் குடிலனை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாண்டியன் சீவகனின் அரியணை மீது அவனுக்குள்ள ஆசை மேக்பெத்தின் ஆசைக்குக் குறைந்ததன்று. ஆனால் அவனுக்குள் தடுத்துக் கேட்கும் குரல் எதுவும் இல்லை. அதனால் அவன் பிடிபடும்போது நமக்கு நிம்மதியே உண்டாகிறது, இரக்கம் வருவதில்லை. மனச்சான்று இல்லாதவனை வேட்கை உள்ளிருந்து அழிப்பதில்லை. அவனை வெளியிலிருந்துதான் தடுக்க வேண்டியிருக்கிறது.

நான் பணிக்காலம் முழுவதையும் இந்த நகரத்தின் அரசு அலுவலகங்களில் கழித்தவன். ஒரு பதவிக்காக நெருங்கிய நண்பரின் சி.ஆர். (பணி பற்றி மேலதிகாரி எழுதும் மந்தண அறிக்கை) கெடும்படி மேலிடத்தில் சொல்லிவைத்த ஓர் அதிகாரியை அருகிலிருந்து பார்த்தேன். பதவி அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு அவர் நீண்ட விடுப்பு எடுக்கவில்லை. தாம் இல்லாத நாளில் தம் நாற்காலியில் யார் அமர்வார் என்ற எண்ணம் அவரைப் போகவிடவில்லை. கீழே இருந்த திறமைசாலிகளை ஒவ்வொருவராக வேறு பிரிவுகளுக்கு அனுப்பினார். நண்பருக்குத் தாம் செய்ததைத் தமக்கும் யாரேனும் செய்வார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். மூன்றாம் அங்கத்து மேக்பெத்தை நான் அவரிடம் கண்டேன். அவர் மேல் கோபத்தைக் காட்டிலும் வருத்தமே மிகுந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் நாயகன் ஃபாஸ்டஸ் வேறொரு வகை. சாத்தானிடம் ஆன்மாவை விற்று இருபத்துநான்கு ஆண்டுகளை வாங்கியவன், உலகையே மாற்றப் போவதாகத் தொடங்கிக் கடைசியில் ஒரு சீமாட்டிக்குக் குளிர்காலத்தில் திராட்சைப் பழம் வரவழைத்துக் கொடுக்கும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறான். அவனிடமும் பெற்றதை அனுபவிக்கும் ஆற்றல்தான் முதலில் போகிறது.

இவை அனைத்தையும்விட எனக்கு நெருக்கமானது, 1912 முதல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்த, பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்களுள் ஒன்றான ஊருபங்கம். தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனிடம் அவன் சிறுமகன் துர்ஜயன் ஓடிவந்து, வழக்கம்போல் மடியில் உட்கார வேண்டும் என்கிறான். தந்தை தடுக்க வேண்டியிருக்கிறது. நாட்டுக்காகச் சூதும் போரும் நடத்தியவனிடம் மகனுக்குக் கொடுக்க ஒரு மடிகூட மிச்சமில்லை. ஆனால் பாசன் அங்கே நிறுத்தவில்லை. பாண்டவர்களுக்குப் பணிந்து நட, திரௌபதியைத் தாயாக எண்ணு என்று துரியோதனன் மகனுக்குச் சொல்கிறான்; சினங்கொண்ட பலராமனை அமைதிப்படுத்துகிறான்; பழிவாங்கத் துடிக்கும் அசுவத்தாமனைத் தடுக்கப் பார்க்கிறான். மேக்பெத் கடைசி வரை வாளை விடுவதில்லை. துரியோதனனின் பிடியோ சாவதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது. அந்த வகையில் பாசன் காட்டும் மனிதனே பெரியவன் என்பது என் கருத்து.

ஆகவே தேர்வில் முதலிடம் வர வேண்டும், பெரிய பொறுப்புகளை ஏற்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவதைப் பற்றி இந்த நாடகங்கள் எதிராக எதுவும் சொல்லவில்லை. அந்தத் தேர்வில் வெல்லாமல் போவதும் அவற்றின் பொருளன்று. அதற்கு முதல் குறள் இருக்கிறது. மேக்பெத்தை முழுதாகப் படிக்க இப்போது நேரமில்லை என்றால் அந்த ஏழாம் காட்சியை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊருபங்கம் ஓரங்க நாடகம்தான். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.