மீட்டர் மாற்றியதும் பில் இரண்டு மடங்கா?

பழைய தண்ணீர் மீட்டரை மாற்றியதிலிருந்து பில் இரண்டு மடங்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். புது மீட்டர் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பழையதில் உள்சக்கரம் தேய்ந்திருந்தால் சிறு ஒழுக்கு கணக்கில் ஏறியிருக்காது.

தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் (நிலத்தடித் தொட்டி) வால்வையும் மீட்டருக்குப் பிறகுள்ள எல்லாக் குழாய்களையும் இறுக மூடிவிட்டு, மீட்டர் முகப்பிலுள்ள குட்டிச் சக்கரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அது மெல்ல நகர்ந்தாலும் மீட்டருக்குப் பிறகு எங்கோ கசிவு இருக்கக்கூடும்; மண்ணுக்கடியிலும் இருக்கலாம். தண்ணீர் விட்டுவிட்டு வரும் தெருவென்றால், முதலில் தள்ளிக்கொண்டு வரும் காற்றும் மீட்டரைச் சுழல வைக்கும்.

அப்புறம், கழற்றிய மீட்டரின் கடைசி அளவும் புதியதின் தொடக்க அளவும் எழுதிய சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மீட்டர்களில் கறுப்பு எண்கள்தான் கிலோலிட்டர், அதாவது 1000 லிட்டர். அதற்குக் கீழான அளவைக் காட்டும் சிவப்பு எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தால் பில் தவறு; எழுத்தில் புகார் கொடுங்கள்.