அடி கனமான பாத்திரம் என்பது எது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “வீட்டில் நான்கு பேர். காஸ் அடுப்போடு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன் செட்டாக வாங்கிய பாத்திரங்களில் இரண்டுக்கு அடித்தட்டு பெயர்ந்துவிட்டது, ஒன்றுக்குக் கைப்பிடி ஆடுகிறது. நான்-ஸ்டிக் தவாவை மூன்றாம் முறையாக மாற்றியாயிற்று. இனி வாங்குவது இருபது ஆண்டாவது உழைக்க வேண்டும். 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எந்த உலோகத்தில் வாங்குவது? மாமியாரின் இரும்பு தோசைக்கல் துருவேறிப் பரணில் கிடக்கிறது, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?”

தோசைக்கல்லைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பொருள்களில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான், அதற்குக் காரணமும் உண்டு. மற்றவை எங்கே பழுதாயின என்று பாருங்கள். ஒன்றில் அடித்தட்டு பெயர்ந்தது, ஒன்றில் கைப்பிடி கழன்றது, ஒன்றில் பூச்சு உரிந்தது. மூன்றிலும் உலோகம் தேய்ந்து போகவில்லை, ஒன்றோடு ஒன்றை ஒட்டிய இடம்தான் விட்டுப்போயிற்று. ஒரே வார்ப்பாக வந்த தோசைக்கல்லில் விட்டுப்போவதற்கு ஒட்டே கிடையாது. ஆகவே எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன், இந்தப் பாத்திரத்தில் ஒட்டு எங்கே இருக்கிறது, அந்த ஒட்டு விட்டால் அதைப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்டுப் பழகினால், கடைக்காரர் சொல்வதில் பாதியைக் காதில் வாங்க வேண்டியிருக்காது.

எவர்சில்வரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகப்போகிறது. சமையலுக்கு ஏற்றதாகக் கருதப்படும் 304 ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும், பாத்திரங்களில் 18/8 என்று பொறிக்கப்படுவதன் பொருள் இதுதான். நிக்கல் விலை கூடிய உலோகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 200 வரிசை ரகங்களும் சந்தையில் ஏராளமாகப் புழங்குகின்றன. பளபளப்பில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஆனால் புளியும் உப்பும் நாள்தோறும் படும் வீட்டில் சில ஆண்டுகளுக்குப் பிறகு 200 வரிசைப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகக் கறையும் துருவும் தலைகாட்டக்கூடும். பலர் காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று முடிவு செய்கிறார்கள். 200 வரிசையிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதால் இந்தச் சோதனையால் ரகத்தைக் கண்டுபிடிக்க இயலாது. பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யுமா என்பதை அறியத்தான் காந்தம் பயன்படும், அதற்குக் காந்தம் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் கெட்டியாக ஒட்ட வேண்டும்.

ரகத்தை அறியப் பொறிப்பையும் ரசீதையும் தவிர வேறு வழி நம் கையில் இல்லை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2024 மார்ச் 14 அன்று உத்தரவு வெளியிட்டது. எவர்சில்வர் பாத்திரத்துக்குரிய தரநிலை எண் ஐ.எஸ். 14756. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால், அந்த உரிமம் யாருக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

இனி அடிப்பிடிக்கும் சிக்கல். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் அனைவரும் “அடி கனமான பாத்திரத்தில்” என்று தொடங்குவார்கள், எவ்வளவு கனம், எதனால் கனம் என்று எவரும் சொல்வதில்லை. தாமிரம் வெப்பத்தைக் கடத்தும் திறனை 100 என்று வைத்துக்கொண்டால், அலுமினியத்துக்கு ஏறத்தாழ 60, வார்ப்பிரும்புக்கு 13, எவர்சில்வருக்கு வெறும் 4. எவர்சில்வர் பாத்திரத்தில் பாலையோ பாயசத்தையோ வைத்தால், சுடர் படும் இடத்தில் மட்டும் சூடு குவிந்து, வட்டமாக அடிப்பிடிப்பது இதனால்தான். வெறும் எவர்சில்வரைத் தடிமனாக்கினாலும் இந்தக் குறை முழுதும் தீராது. அதனால் அடியில் அலுமினியத்தைச் சேர்க்கிறார்கள், சேர்ப்பதில் இரண்டு முறைகள் இருக்கின்றன.

முதல் முறையில் பாத்திரத்தின் அடியில் மட்டும் ஓர் அலுமினிய வில்லையை வைத்து, அதன்மேல் எவர்சில்வர் மூடி போட்டு ஒட்டுவார்கள். கடைகளில் இதைச் சாண்ட்விச் பாட்டம் என்பார்கள். உங்களுடைய இரண்டு பாத்திரங்களும் இந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சூடேறும்போது அலுமினியம் எவர்சில்வரைவிடக் கூடுதலாக விரிகிறது. ஈரப்பதார்த்தம் உள்ளவரை வெப்பம் கட்டுக்குள் இருப்பதால் ஒட்டு தாங்கிக்கொள்ளும். காலிப் பாத்திரத்தை முழுச் சுடரில் விட்டு மறந்துபோவது, சூடு தணியுமுன் குழாயடியில் பிடிப்பது ஆகிய இரண்டும் சேர்ந்து சில ஆண்டுகளில் ஒட்டை இளக்கிவிடும். இரண்டாவது முறைதான் டிரை-பிளை: உள்ளே 304, நடுவே அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430 ரகம் என மூன்று தகடுகளை ஒன்றாக உருட்டி இணைத்து, அந்த ஒரே தகட்டிலிருந்து பாத்திரத்தை அழுத்தி எடுக்கிறார்கள். இதிலும் ஒட்டு உண்டு, ஆனால் அது விளிம்புவரை முழுப்பரப்பிலும் பரவியிருப்பதால் ஓரிடத்தில் பெயர்ந்து வருவது அரிது. பக்கச் சுவரிலும் அலுமினியம் இருப்பதால் சாம்பார் ஓரங்களில் தீய்வதும் குறையும்.

வாங்கும்போது விளிம்பை உற்றுப் பாருங்கள். பல டிரை-பிளைப் பாத்திரங்களில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே சற்று மங்கலான ஒரு கோடு தெரியும், அதுதான் அலுமினியம். சில தயாரிப்பாளர்கள் விளிம்பை மடித்து அதை மூடிவிடுவார்கள், பாத்திரம் கழுவும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்லது, ஏனெனில் அந்த இயந்திரத்தில் போடும் காரமான சோப்பு, திறந்திருக்கும் அலுமினியத்தை அரித்து விளிம்பைக் கத்திபோல ஆக்கிவிடும். மொத்தத் தடிமன் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வீட்டுக்குப் போதுமானது. கைப்பிடியைப் பொறுத்தவரை, உட்புறத்தில் ரிவெட் தலைகள் தெரிகிற பாத்திரத்தையே எடுங்கள். அழகுக்காக ரிவெட்டை ஒளித்து ஸ்பாட் வெல்டிங் செய்தவை பார்வைக்கு மழுமழுவென்றிருக்கும். ஐந்து லிட்டர் பாத்திரத்தைக் கொதிக்கும் ரசத்தோடு நாள்தோறும் தூக்கி இறக்கும்போது முதலில் விடுவது அந்தப் புள்ளிகள்தான்.

எவர்சில்வரில் தோசையும் முட்டையும் ஒட்டுகின்றன என்ற குறை பெரும்பாலும் சூட்டைப் பற்றியது. வாணலி காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே சீறி ஆவியானால் சூடு போதவில்லை. பாதரசம்போல உருண்டு ஓடினால் சூடு ஏறிவிட்டது, சுடரைக் குறைத்து எண்ணெயை ஊற்றலாம். சமைக்கத் தண்ணீரைக் காய்ச்சும்போது உப்பைக் கொதி வந்த பிறகு போடுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்ட கல்லுப்பு அடியில் தங்கினால், அந்த இடத்தில் ஊசி முனைபோன்ற குழிகள் விழும், அவற்றை எந்தத் தேய்ப்பாலும் போக்க முடியாது. போர்வெல் தண்ணீரால் படியும் வெள்ளைத் திட்டும், சூட்டினால் வரும் வானவில் நிறமும் பழுதல்ல, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும்.

இப்போது பரணில் கிடக்கும் கல்லை இறக்குங்கள். இரும்பு தோசைக்கல்லில் இரண்டு வகை உண்டு. தகட்டு இரும்பில் செய்தது மெல்லியது, கீழே விழுந்தால் நசுங்கும், உடையாது. வார்ப்பிரும்பு கனமானது, விழுந்தால் இரண்டாகப் போகும். 28 செ.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள வார்ப்பிரும்புக் கல் ஏறத்தாழ 2.2 கிலோ இருக்கும், புதிதாக வாங்குகிறவர்கள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தடிமன் தெரிந்துவிடும். துரு மேலோட்டமாக இருந்தாலும் அடர்த்தியாக இருந்தாலும், விரிசல் இல்லாதவரை அந்தக் கல் உங்களுக்குப் பயன்படும். விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று வந்தால் நல்லது, பொத்தென்று வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

உப்புத்தாளாலோ கம்பி நாராலோ சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அடுப்பில் வைத்துக் காய வையுங்கள். துணியில் சில சொட்டு நல்லெண்ணெய் நனைத்து இருபுறமும் தடவியபின், தவறாகத் தடவிவிட்டோம் என்பதுபோல உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மிஞ்சும் அந்த மெல்லிய படலம் போதும், அதைப் புகை வந்து நிற்கும்வரை சூடாக்கி ஆற விடுங்கள். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு சேர்ந்த கெட்டிப் படலமாக மாறுவதைத்தான் கல்லைப் பழக்குவது என்கிறோம். நான்கைந்து முறை செய்தால் கல் கறுத்து மினுமினுக்கும். கைதாராளமாக எண்ணெய் ஊற்றிப் பழக்கினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும், நான் பார்த்தவரை பழக்குவதில் தோற்றவர்கள் அனைவரும் இங்கேதான் தோற்றிருக்கிறார்கள். இந்தப் படலமும் ஒரு பூச்சுதான் என்றாலும், உரிந்தால் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதில் நான்-ஸ்டிக்கிலிருந்து வேறுபடுகிறது.

சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வராது என்று நம் வீடுகளில் சொல்வது மூடநம்பிக்கை அல்ல. எண்ணெய் விடாமல் கடும் சூட்டில் காயும் கல்லில் அந்தப் படலம் தீய்ந்துபோகிறது. சப்பாத்திக்குத் தனியாக ஒரு தகட்டுக் கல்லை வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் படலமும் போகும், குழம்பும் கறுக்கும். வதக்கல், வறுவல், கீரைப் பொரியல் ஆகியவற்றோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. இண்டக்‌ஷனில் வார்ப்பிரும்பை வைக்கும்போது குறைந்த நிலையில் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு கூட்டுங்கள், நடுப்பகுதி மட்டும் திடீரெனச் சூடேறினால் கல் விரிசல் காணலாம். என்னிடம் இருந்த நல்ல வார்ப்பிரும்புக் கல் ஒன்றை, விருந்தினர் வரும் அவசரத்தில், புகையப் புகைய எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். “டக்” என்று ஒரு சத்தம்தான் கேட்டது. விளிம்பிலிருந்து நடுவரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடியிருந்தது. பதினோரு ஆண்டு பழகிய கல்.

நான்-ஸ்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்குகிறது, காலித் தவாவை முழுச் சுடரில் வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். முட்டைக்கென ஒரு சிறிய தவா வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதை விளக்குமாறுபோலத் தேய்ந்தால் மாற்றும் பொருளாகக் கணக்கிடுங்கள், இருபது ஆண்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியம் சாதா அலுமினியத்தைவிடக் கெட்டியானது, குக்கராகவும் கடாயாகவும் நன்றாகவே உழைக்கும். அடியில் காந்தத் தகடு இல்லாவிட்டால் இண்டக்‌ஷனில் சூடேறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பித்தளையும் வெண்கலமும் இப்போது மீண்டும் விருப்பமாகி வருகின்றன. பித்தளையில் சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இந்த ஈயம் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும், நஞ்சான காரீயம் கலந்திருக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் தாளிப்பதற்கு அந்தப் பாத்திரம் ஆகாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அப்படியே, உள்ளே நீர்மம் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் சொம்பே உருகி வழியும். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்பதால் பித்தளை பேரன் காலம்வரை வரும், ஆனால் உங்கள் ஊரில் நம்பகமாக ஈயம் பூசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்டறிந்த பிறகே அதில் பணம் போடுங்கள்.

உங்கள் 15,000 ரூபாயில் செட் எதையும் வாங்க வேண்டாம். இருபது உருப்படிகள் கொண்ட செட்டில் நாள்தோறும் அடுப்பேறுவது நான்கோ ஐந்தோதான். நான்கு பேருக்கு மூன்று லிட்டர் டிரை-பிளை வாணலி ஒன்று, பாலுக்கும் பாயசத்துக்கும் இரண்டு லிட்டர் டிரை-பிளைப் பாத்திரம் ஒன்று ஆகிய இரண்டையும் முதலில் வாங்குங்கள், தொகையில் பாதி அவற்றுக்கே போனாலும் போகட்டும். அடுத்து ஐந்து லிட்டர் எவர்சில்வர் குக்கர். குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற எண்ணுடன் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, காஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் உங்கள் தெருக்கோடிக் கடையிலேயே கிடைக்கும் தயாரிப்பாக இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அவை தேய்ந்தால் மாற்றக்கூடிய ஒட்டுகள், கிடைக்காவிட்டால் குக்கரும் பரணுக்குப் போய்விடும். பிறகு ஓர் இரும்பு வாணலி. தோசைக்கல்லுக்குச் செலவே இல்லை, உப்புத்தாளும் நல்லெண்ணெயும் போதும். முதல் இரண்டு தோசைகள் பிய்ந்துதான் வரும், அதற்காகக் கல்லை மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு மூன்றாவதை ஊற்றுங்கள்.