பல் டாக்டரிடம் கேளுங்கள்: வால்வு மாற்றப் போகிறவருக்குப் பல் எதற்குப் பிடுங்க வேண்டும்?

கேள்வி: என் மாமியாருக்கு 58 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்ற வேண்டும் என்று பாளையங்கோட்டையில் சொல்லிவிட்டார்கள். தேதி கேட்டால், "பல் டாக்டரிடம் எழுதி வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். அங்கே போனால் இரண்டு பல்லைப் பிடுங்கணுமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்களோ என்று வீட்டில் சந்தேகம்.
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: முடிச்சு இருக்கத்தான் செய்கிறது அம்மா. பல் வேரடியில் சீழ் கட்டியிருந்தால், ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், சோறு மெல்லும்போதுகூட வாய்க்கிருமிகள் கொஞ்சம் ரத்தத்தில் ஏறும். வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு அவை பெரும்பாலும் சீக்கிரமே அழிந்துவிடும். செயற்கை வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டு, அதன்மேல் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழைகளும் படிந்துவிட்டால், மருந்து உள்ளே போய்ச் சேருவதே பாடு. எண்டோகார்டைடிஸ் என்பது அதுதான். வாரக்கணக்கில் ஊசி, சிலருக்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும். போதாக்குறைக்கு, உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அதன்பின் பல் பிடுங்குவது இப்போதைவிடச் சிக்கல்.

அதற்காக ஆடுகிற பல்லையெல்லாம் வழித்தெடுத்துவிட வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் மாயோ கிளினிக் மருத்துவர்கள், இதய ஆபரேஷனுக்கு முன் பல் பிடுங்கிக்கொண்ட 205 பேரின் கணக்கைப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 8 பேருக்கு, சிலருடைய மரணம் உட்பட, பெரிய பாதிப்பு வந்திருந்தது. எல்லாரும் ஏற்கெனவே இதயம் தளர்ந்தவர்கள், பழியைப் பல்மேல் மட்டும் போட முடியாதுதான். ஆனாலும் எந்தப் பல்லை, எப்போது, எத்தனை என்பதை இதய டாக்டரும் பல் டாக்டரும் போனிலாவது பேசி முடிவு செய்யட்டும். எக்ஸ்ரேகூட எடுக்காமல் 'ஃபிட்' என்று ஒரு வரி எழுதி சீல் குத்திக் கொடுத்தால் (எங்கள் ஆட்களில் அப்படியும் உண்டு) அந்தச் சீட்டை நம்பாதீர்கள்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினித் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள், நாக்கு கசக்கிறது என்று துப்பிவிட்டு வந்துவிட வேண்டாம். வென்டிலேட்டர் குழாய் வழியாக வாய்க்கிருமி நுரையீரலுக்கு இறங்கும். 1996-ல் வந்த ஆய்வு ஒன்றில், இதய ஆபரேஷன் செய்த 353 பேரில் இப்படி வாய் கழுவியவர்களுக்கு மூச்சுப்பாதைத் தொற்று பாதிக்கும் கீழே போனது. மாமியார் வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர் என்றால் டப்பாவை இன்றைக்கே ஒளித்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆகி இரண்டு வருஷம். இப்போது கடைவாய்ப் பல் பிடுங்கணும். முன்னாடி ஆன்டிபயாடிக் போடணுமா? ஆஸ்பிரினை நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: பைபாஸ், ஸ்டென்ட் மட்டும் உள்ளவர்களுக்கு இதயத்தைக் காப்பாற்ற என்று ஆன்டிபயாடிக் வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கம் 2007-லேயே ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறவர்களின் பட்டியலைச் சுருக்கிவிட்டது, 2021-லும் அதையேதான் சொன்னது: செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே எண்டோகார்டைடிஸ் வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், இதயம் மாற்றியவர்களில் சிலர். அவர்களுக்கு வழக்கமாக எழுதுவது, பெரியவர் என்றால், 2 கிராம் அமாக்ஸிசிலின், ஒரே வேளை, பல்லில் கை வைப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். ருமாட்டிக் காய்ச்சலுக்காக 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அமாக்ஸிசிலினுக்குப் பதில் வேறு மருந்து எழுதணும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாய்க்கு அப்படி வழியில்லை.

கேள்வி: பாப்பாவுக்கு ஆறு வயது, முன்பல் ஆடுகிறது. விழுந்த பாலை... மன்னிக்கவும், பால்பல்லை ஸ்டெம் செல் வங்கியில் வைத்தால் நாளைக்கு இதயத் தசையே வளர்த்துக்கொள்ளலாம் என்று போனில் விளம்பரம் வருகிறது, தவணையில் கட்டலாமாம். ஆச்சியோ சாணியில் உருட்டி ஓட்டுமேல் எறியச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஆச்சி சொல்வதில் செலவாவது இல்லை! பல்லுக்குள் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், இருப்பது நிஜம். 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கடைசிக் கடைவாய்ப் பல்லின் கூழிலிருந்து (பல்லுக்குள் இருக்கும் மென்மையான சதை) பிரித்தெடுத்தார்கள். அதே குழுவில் இருந்த சாங்டாவ் ஷி, தன் மகளுக்கு விழுந்த பால்பல்லில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தேட ஆரம்பித்து, 2003-ல் பால்பல்லிலும் இருக்கிறது என்று காட்டினார். 2018-ல் சீனாவில், அடிபட்டு உயிரிழந்த முன்பல்லுக்குள் அந்தப் பிள்ளைகளின் பால்பல் செல்லையே வைத்துக் கூழை மறுபடி வளர்த்திருக்கிறார்கள். அருமையான வேலை, ஆனால் அது பல்லுக்கு.

இதயத்துக்கு? 2008-ல் ஸ்பெயினில் மாரடைப்பு வரவழைத்த எலிகளுக்குள் பல்கூழ் செல்லைச் செலுத்தினார்கள், இதயம் கொஞ்சம் தேறியது. அப்போதும் அந்தச் செல்கள் இதயத் தசையாக மாறவில்லை, அவை சுரந்த பொருள்கள்தான் உதவியிருக்க வேண்டும். எலியிலிருந்து உங்கள் தவணைத் திட்டம் வரைக்கும் ரொம்ப தூரம். அப்புறம், நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர, பல்கூழ் போன்றவற்றை வணிகமாகச் சேமித்து வைப்பதற்கு இடம் கொடுக்கவில்லை. விளம்பரக்காரரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

பாப்பாவின் வாயில் இப்போது பார்க்க வேண்டியது வேறு. பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாக ஒன்று முளைத்திருக்கும். பால்பல்தானே என்று பலர் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது நிலைப்பல், போனால் வராது. அதில் பள்ளம் ஆழமாக இருந்தால் சீலன்ட் (பள்ளத்தை மூடும் மெல்லிய பூச்சு) போடச் சொல்லுங்கள்.