பட்டறைப் பதில்கள்

கேள்வி: ஐயா, ஓய்வு பெற்றபின் கார் ஷெட்டில் ஒரு பழைய நாலரை அடி லேத்தும் டிரில்லிங் மெஷினும் போட்டிருக்கிறேன். வேலை செய்கிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம்தான் அதிகம். எம் 8 டேப் (8 எம்.எம். போல்ட்டுக்குத் துளையில் மரை வெட்டும் கருவி) இருக்கிறது என்று தெரியும், கைக்குக் கிடைக்காது. புதிதாக வாங்கி வந்த மறுநாள் பழையது கண்ணில் படும். எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவிடலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எக்செல்லில் 'எம் 8 டேப், 2' என்று இருக்கும். ஷெட்டில் டேப் இருக்காது. ஸ்பேனர், சுத்தியல், சக் சாவி எல்லாம் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. அவற்றுக்குக் கணக்கு எதற்கு? ஆளுக்கொரு ஆணி போதும். பிளைவுட் பலகையில் மாட்டி, சுற்றிலும் மார்க்கரால் உருவத்தை வரைந்துவிடுங்கள். கதவைப் பூட்டும்போது காலியாக இருக்கிற உருவம் தானாகக் கண்ணை உறுத்தும்.

உங்கள் தொல்லை டேப்பில்தான் இருக்கிறது. டேப்பெல்லாம் ஒரு டப்பா, டிரில் பிட்டெல்லாம் ஒரு டப்பா என்று இனம் பிரித்து வைத்திருப்பீர்கள். ஹார்டுவேர் கடைக்காரருக்கு அது சரி. மரை போடுகிறவருக்கு அப்படி வைத்தால் ஒரு வேலைக்கு நாலு டப்பாவைக் கிளற வேண்டும். நான் வேலைப்படி பிரித்து வைப்பேன். எம் 8 என்று எழுதிய ஒரு சின்ன டப்பா. அதற்குள் மூன்று டேப் கொண்ட செட், மரைக்கு முன் துளை போட 6.8 பிட் இரண்டு, போல்ட் தாராளமாக நுழைய 9 எம்.எம். பிட் ஒன்று. மூடியிலேயே '6.8 / 9' என்று எழுதிவிடுங்கள். எம் 6 மூடியில் '5 / 6.6', எம் 10 மூடியில் '8.5 / 11'. சார்ட்டைத் தேடுகிற வேலையும் மிச்சம். செட்டில் எது முதல் டேப் என்று குழம்பினால் காம்பை, அதாவது மரை இல்லாத பிடிப் பகுதியைப் பாருங்கள்: வழக்கமாக முதலாவதில் ஒரு கோடு, இரண்டாவதில் இரண்டு கோடு, கடைசியில் கோடே இருக்காது.

நீங்கள் புதுச்சேரிக்காரர், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டேப் அள்ளி வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தப்பில்லை, ஆனால் இஞ்ச் சரக்கு கலந்திருக்கும். 5/16 இஞ்ச் என்பது 7.94 எம்.எம். எம் 8-க்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. எம் 8-இல் மரைக்கு மரை 1.25 எம்.எம்.; 5/16 பி.எஸ்.டபிள்யூ.வில் (பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரை) இஞ்சுக்கு 18 மரை, அதாவது 1.41. போல்ட் ஒன்றிரண்டு சுற்று இதமாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போச்சு. பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடு) வைத்துப் பார்த்து, இஞ்ச் சரக்கின் காம்பில் எல்லாம் சிவப்பு பெயின்ட் தொட்டு, வேறு தட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு வேண்டியது தீர்ந்துபோகிற சரக்குக்கு மட்டும்: ஹாக்ஸா பிளேடு, எமரி ஷீட், லேத் இன்சர்ட் (லேத் உளியின் நுனியில் மாட்டும் வெட்டுச் சில்லு). இதிலும் நோட்டுப் புத்தகம் வேண்டாம். கடைசி ஒன்றைத் தனிக் கவரில் போட்டு, மேலே முழு நம்பரையும் எழுதி ஒட்டிவையுங்கள். அந்தக் கவரைப் பிரிக்கிற அன்று காலிக் கவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். 'டி.என்.எம்.ஜி. 160404' இன்சர்ட் கேட்டு 160408 வாங்கி வருகிற வம்பு இருக்காது. கடைசி 04 என்பது முனை வளைவு 0.4 எம்.எம்.; 08 என்றால் 0.8. மெல்லிய ஷாஃப்ட்டில் பெரிய முனை அதிர்ந்து கோடு போடும்.

மகன் ஆசையைக் கெடுப்பானேன், இன்சர்ட் நம்பர்களை மட்டும் அவர் எக்செல்லில் ஏற்றட்டும்.

கேள்வி: மைக்ரோமீட்டரைப் பெட்டியில் பத்திரமாகத்தான் வைக்கிறேன். ஆனாலும் துரு. என்ன செய்வது?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தேவனாம்பட்டினம் கடற்காற்று உங்கள் வீட்டுக்கும் வரும், அதை நிறுத்த முடியாது. முதலில் ஒன்று சொல்லுங்கள், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில் அந்த அறையில் இருக்கிறதா? நம் வீடுகளில் ஷெட் மூலையில்தான் அது குடியிருக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். சுற்றிலும் உள்ள இரும்பெல்லாம் செம்பட்டை பாய்ந்துவிடும். பற்றவைக்கிற ஃபிளக்ஸ், பேட்டரி ஆசிட் எல்லாம் அதே ரகம். முதலில் அவற்றை வெளியேற்றுங்கள்.

பிறகு, கை வியர்வையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. மைக்ரோமீட்டரின் இரண்டு அளவு முகங்களும் முட்டாமல் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். முட்டிய இடத்தில் ஈரம் தங்கிவிடும். பெட்டிக்குள் இருக்கிற பஞ்சு ஃபோம் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் அதை எறிந்துவிடலாம். சிலிகா ஜெல் பை போடுங்கள், நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம். நீல நிற வகையில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் சட்டியில் போட்டு வறுத்துவிடாதீர்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அளவு கருவிகளும் மோட்டார் வைத்த எதுவும் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாது. கீழ்த் தட்டில் இரும்புத் துண்டுகளை அடுக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் யார் கேட்டாலும் டூல்ஸைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். யாரிடம் எது போனது என்று அவருக்கே தெரியாது. எனக்குத்தான் சண்டை.
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, கொடுக்காதே என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார். பழைய தொழிற்சாலைகளில் டூல் ரூம் ஜன்னலில் நம்பர் அடித்த பித்தளை வில்லையைக் கொடுத்தால்தான் ரீமரோ (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) மைக்ரோமீட்டரோ வெளியே வரும். வில்லை அந்த டூல் இருந்த ஆணியில் தொங்கும். அவரே லேத்தில் பத்துப் பதினைந்து வில்லை கடைந்துவிடுவார், மகிழ்ச்சியாகவே செய்வார். அடிக்கடி வாங்குகிறவர்கள் பெயரை அதில் குத்தச் சொல்லுங்கள். டூல் போனால் ஆணியில் அந்தப் பெயர் தொங்க வேண்டும். மரை டேப், டயல் கேஜ் (முள் வைத்த அளவு கருவி) இரண்டும் மட்டும் வெளியே போகவே கூடாது. அதற்கு நீங்கள் சாவியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) ராடும் ஈ.என். 8 (அதைவிட உறுதியான எஃகு) ராடும் கலந்துவிட்டன. எப்படிப் பிரிப்பது?
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கிரைண்டிங் வீலில் தொட்டுப் பாருங்கள். ஈ.என். 8-இல் கார்பன் அதிகம், பொறி நுனியில் கிளை கிளையாக வெடிக்கும், எம்.எஸ். பொறி பெரும்பாலும் நேராக நீளும். தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் செய்யுங்கள். பிரித்ததும் ஒரு முனையில் பெயின்ட் அடித்து, எந்த நிறம் எந்த இரும்பு என்று சுவரில் எழுதிவையுங்கள். வெட்டும்போது பெயின்ட் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். சந்தேகத் துண்டுகளை ஸ்டாண்டுக்கும் கொக்கிக்கும் ஒதுக்குங்கள், ஷாஃப்ட்டுக்கு வேண்டாம்.