முதுகை விறைத்துக்கொண்டு நடக்கலாமா?

கேள்வி: வயது 54. தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போகிறேன். முதுகு அசையக் கூடாது என்று ஒருவர் சொன்னதால் விறைப்பாகவே நடக்கிறேன். வீடு திரும்பும்போது இடுப்புக்கு மேலே பலகை மாதிரி இறுகிவிடுகிறது. பெல்ட் போடலாமா?

பதில்: இப்போதே பெல்ட் போட்டவர் போலத்தான் நடக்கிறீர்கள். இன்னொன்று எதற்கு?

ஒவ்வோர் அடிக்கும் முதுகுத்தண்டு லேசாக முறுகித் திரும்ப வேண்டும். வலது கால் முன்னே போகும்போது இடுப்பெலும்பின் வலப்பக்கமும் கூடவே சுமார் 4 டிகிரி முன்னே வரும். தோளும் அதே பக்கம் திரும்பினால் உடம்பே இருபுறமும் ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தோள் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, இடது கை முன்னே வருகிறது. மேலும் கீழும் எதிரெதிராகத் திரும்ப, நடுமுதுகில், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தை ஒட்டி, அந்த முறுக்கு அடங்குகிறது.

இதில் கீழ்முதுகின் 5 எலும்புகளுக்குப் பங்கு குறைவு. அவற்றின் மூட்டுகள் குனிந்து நிமிரத்தான் தோதானவை. ஒவ்வொன்றும் ஓரிரு டிகிரிக்கு மேல் திரும்பாது. அதிகம் திரும்பக்கூடியவை மார்புக்குப் பின்னால் இருக்கும் 12 எலும்புகள். நெஞ்சை நிமிர்த்தி அவற்றைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? மாறி மாறி இறுகித் தளர வேண்டிய முதுகுத் தசைகள் அரை மணி நேரமும் ஓய்வில்லாமல் இறுகியே கிடக்கும். உங்கள் பலகைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு கட்டைவிரலையும் கீழ்முதுகில், தண்டின் இருபக்கமும் அழுத்தி வைத்து, நின்ற இடத்திலேயே மெதுவாக நடந்து பாருங்கள். விரலுக்கடியில் தசை ஒருபக்கம் இறுகி, மறுபக்கம் தளர்வது தெரியும். தெரியவில்லையா? மூச்சை விட்டு, தோளைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம், செல்போன் கையில் வேண்டாம். அதைப் பிடித்த கை வீசாது. பாதிப் பேர் இப்படித்தான் ஒற்றைக் கையோடு நடக்கிறார்கள். முதல் வாரம் 10 நிமிடமாக இரண்டு வேளை, இரண்டு கையையும் வீசி, கொஞ்சம் வேகமாகவே நடங்கள். ஆமை நடையில் இந்தத் திருப்பமும் குறைந்துவிடும்.

ஆனால் நடக்க நடக்கக் காலில் வலியோ மரத்துப்போதலோ வந்து, உட்கார்ந்தால் அல்லது முன்னே குனிந்தால் குறைகிறது என்றால் விஷயம் வேறு. நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.