தாடிக்கார முகம் பதித்த ஜாடி: வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில், கழுத்தில் தாடிக்காரர் முகமும் வயிற்றுப் பகுதியில் 1594 என்ற ஆண்டும் பதித்த பழுப்பு நிற ஜாடி ஒன்றைப் பார்த்தேன். ‘பெல்லர்மின் ஜாடி, 16-ஆம் நூற்றாண்டு’ என்று சொல்லிக் கடைக்காரர் பெரிய விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஆண்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில், குறிப்பாகக் கொலோன் நகரிலும் அருகிலுள்ள ஃப்ரெஹெனிலும் இத்தகைய ஜாடிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் பதவியான கார்டினல் பதவியில் இருந்த ராபர்ட் பெல்லர்மினின் (1542–1621) பெயர் இவற்றுக்குக் கேலியாகப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அவர் புகழ் பெறுவதற்கு முன்பே இந்த முகங்கள் வந்துவிட்டன.

ஜாடியில் இருப்பது, அதன் வயிற்றில் முத்திரை பதிக்கும் அச்சில் செதுக்கிய ஆண்டு; ஜாடி செய்த ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே அச்சைப் பிறகும் பயன்படுத்த முடியும் என்பதோடு, 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணிக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டபோது, ரைன் பகுதிப் பட்டறைகள் பழைய ஆண்டுகளையும் சேர்த்தே நகல்களைச் செய்தன. அந்த நகல்களுக்கே இன்று நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டதால், அவற்றின் பழமைத் தோற்றம் அனுபவசாலிகளையும் தடுமாற வைக்கும்.

ஆகவே ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். குயவர் சக்கரத்திலிருந்து கயிற்றால் அறுத்து எடுத்த ஜாடியின் அடியில், கட்டைவிரல் ரேகையைப் போன்ற வளைகோடுகள் தெரியும். உள்ளே விரல் விட்டால், வனைந்த கையின் வரிகள் தட்டுப்பட வேண்டும். அதற்குப் பதிலாக ஜாடியையே அச்சில் வார்த்ததைக் காட்டும் இணைப்புக் கோடு மேலிருந்து கீழாக ஓடினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். மேற்பூச்சையும் கவனியுங்கள். சுமார் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும் சூளையில் உப்பை வீசும்போது, ஆவியாகும் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடிக் கண்ணாடிப் படலமாகிறது. அது ஆரஞ்சுத் தோலைப் போலப் பொடிக்குழிகளோடு இருக்கும். எங்கும் ஒரே சீராக வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முகத்தின் வேலைப்பாடும் ஓரளவு உதவும். 16-ஆம் நூற்றாண்டு முகங்களில் நிதானமான கைவேலை தெரியும். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை அவசரக் கோலமாகிவிட்டன. கைப்பிடியும் வாயும் உடைந்தபின் ஒட்டப்பட்டவையா என்பதைப் புற ஊதா விளக்கு பெரும்பாலும் காட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், பில்லில் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘16-ஆம் நூற்றாண்டுப் பாணி’ என்று எழுதினால், அது வயதுக்கு உத்தரவாதம் ஆகாது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் அவர் தந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். காலத்தை எழுதித் தர அவர் தயங்கினால், நகலுக்கு உரிய விலைக்கு மேல் ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.