சளி மாத்திரை வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கிறதா என்று எப்படி அளக்கிறார்கள்?

"எனக்குத் தூக்கமே வரல, ஓட்டலாம்ல?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த உணர்வை நம்ப வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நெதர்லாந்தில் 1980களில் இருந்து செய்துவரும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். மாத்திரை போட்டவர் நிஜமான நெடுஞ்சாலையில், மற்ற வண்டிகளுக்கு நடுவே, சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டுவார். வேகம் மணிக்கு 95 கி.மீ. பக்கத்தில் தனி பிரேக்கோடு ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். காரின் மேலுள்ள கேமரா சாலைக் கோட்டுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைப் பதிந்துகொண்டே வரும்.

யார் ஓட்டினாலும் கார் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அலையும். அந்த அலைச்சலின் திட்ட விலக்கம்தான், அதாவது கார் தன் சராசரி இடத்திலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்பதுதான், அளவுகோல். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருந்தால் அது சராசரியாக 2.4 செ.மீ. கூடும். மாத்திரையால் அந்த அளவு கூடினால், குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். (இந்தியச் சட்டம் விடுவது 30 மில்லிகிராம் வரைதான்.)

அதே ஆள் இன்னொரு நாள் மருந்தில்லாத போலி மாத்திரையோடும் ஓட்டுவார். எது எந்த நாள் என்று அவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் பயமே முடிவை மாற்றிவிடும்.

சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் இதில் தெளிவாகத் தோற்றன; புதிய வகை ஒவ்வாமை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் தேறியது. தூக்கக் கலக்கமே தெரியாதவர்களுக்கும் ஓட்டம் கெட்டிருந்தது. அதனால் மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைக் காட்டி, "இதப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" என்று தயவுசெய்து கேளுங்கள்.